எண்பத்து மூணு பத்தின புத்தகம்

கார் து நோர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, ஃபோபூர் சாந் தெனி தெருவில் வடக்குப் பக்கமா நடந்தீங்கன்னா அஞ்சு பத்து நிமிஷத்துல பாரிஸ் காணாமப் போயிடும். புடவைக்கடை, நகைக்கடை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, சினிமா போஸ்டர். இடத்தோட பேரு லாசப்பல். பிரெஞ்சுக்காரங்க 'லா ஷப்பெல்'னு ரெண்டு வார்த்தையா சொல்றதை நம்மாளுங்க ஒரே வார்த்தையாக்கிட்டாங்க. என் ரூம் இருக்குறது லா கூர்னவ்ல. ரயில் மாற இங்கதான் வரணும். அதனால சனிக்கிழமையானா அரிசி வாங்குற சாக்குல வந்து, ஒரு கடையில ரோல்ஸும் தேத்தண்ணியும் சாப்பிட்டுப் போறது வழக்கம். (ஊர்ல டீ, இங்க தேத்தண்ணி. ரெண்டு வருஷத்துல நாக்கு மாறிப்போச்சு.)

ரெண்டு மாசம் முன்னாடி அந்தக் கடையில உட்கார்ந்து ஒரு நாவல் படிச்சிட்டிருந்தேன். கடைக்கார அண்ணன் அறுபதைத் தாண்டினவர். தேத்தண்ணியை வச்சிட்டு அட்டையை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பெரிய புத்தகமாக் கிடக்கு. படிப்புக்கோ?"

"ஆமாண்ணே. நாவல். எண்பத்து மூணு கலவரத்தைப் பத்தி. கொழும்புத் தமிழர் ஒருத்தர் எழுதினது."

அவர் முகமே மாறிடுச்சு. "எண்பத்து மூண்டிலை நான் வெள்ளவத்தையிலைதான் நிண்டனான்" என்று ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் ரெண்டு நாள் ஒளிச்சு வச்சது, பிறகு அகதி முகாம், அங்கிருந்து கப்பல்ல காங்கேசன்துறை. அரை மணி நேரம் பேசினார். கடைசியில் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவே இல்லை.

நான் அவர்கிட்ட சொன்னது பொய் இல்லை. ஆனா பாதிதான் சொன்னேன். அந்தப் புத்தகம் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்'. 1983 அதுல இருக்கு. அதோட, இன்னொரு பையனைக் காதலிக்கிற ஒரு தமிழ்ப் பையனும் இருக்கான். அந்த ரெண்டாவது பாதியை நான் ஏன் முழுங்கினேன்? ரெண்டு மாசமா இதுதான் மண்டையில ஓடுது. அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், தேத்தண்ணி எடுத்து வச்சுக்கிட்டு உட்காருங்க.

*

முதல்ல, நான் ஏன் இதைப் படிக்கப் போனேன்னு சொல்லிடறேன். எங்க வரலாறு மாஸ்டர்ஸ்ல ஒரு பாடம், பதின்ம வயசுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட நாவல்களின் வரலாறு. ஒரு வாரம், தன்பால் காதல் இந்த மாதிரிப் புத்தகங்களுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு பார்த்தோம்.

வழக்கமா அமெரிக்காவுல 1969-லிருந்து ஆரம்பிப்பாங்க. அந்த வருஷம் ஜான் டோனவன் ஒரு நாவல் எழுதினார். டேவின்னு 13 வயசுப் பையன், வளர்த்த பாட்டி செத்ததும் நியூயார்க்குக்கு, அம்மாகிட்ட வர்றான். கூட ஒரு நாய். பள்ளிக்கூடத்துல ஒரு நண்பன் கிடைக்கிறான். ஒருநாள் ரெண்டு பேரும் முத்தம் கொடுத்துக்கிறாங்க. அதுக்கப்புறம் அந்த நாய் கார்ல அடிபட்டுச் சாகுது. தான் செஞ்ச தப்புக்குத்தான் இந்தத் தண்டனைன்னு அந்தப் பையன் நினைக்கிறான். அடுத்த பல வருஷத்துக்கு இந்த வகைக் கதைகள்ல இதே வாடைதான். காதல் வந்தா பின்னாடியே ஒரு விபத்தோ சாவோ வரும்.

1982-ல் நான்சி கார்டன் எழுதிய 'ஆனி ஆன் மை மைண்ட்' அதை மாத்துச்சு. நியூயார்க்ல ரெண்டு பதினேழு வயசுப் பொண்ணுங்க. யாரும் சாகல. கடைசியில காதலும் மிஞ்சுது. பதினோரு வருஷம் கழிச்சு, 1993-ல், கான்சாஸ் சிட்டியில பள்ளி நிர்வாக அலுவலகத்துக்கு வெளியில வச்சு இந்தப் புத்தகத்தைக் கொளுத்தினாங்க. பக்கத்து ஊரான ஒலேத்தாவுல பள்ளி நூலகங்கள்லேருந்து எடுத்துட்டாங்க. மாணவர்களும் பெற்றோரும் வழக்குப் போட்டாங்க. 1995-ல் நீதிமன்றம் புத்தகத்தைத் திருப்பி அலமாரியில வைக்கச் சொல்லிடுச்சு.

அங்கிருந்து இப்போ வந்தா 2015-ல் பெக்கி ஆல்பர்டாலியோட சைமன் நாவல், 2018-ல் அது 'லவ், சைமன்'னு ஹாலிவுட் படம், 2022-ல் நெட்ஃபிளிக்ஸ்ல 'ஹார்ட்ஸ்டாப்பர்'. இதெல்லாம் உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தப் புதுக் கதைகள்ல பெரும்பாலும் ஒரு கட்டாயக் காட்சி இருக்கும். பையன் அம்மா அப்பாவை உட்கார வச்சு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்பான். அழுகை, கட்டிப்பிடி, சுபம். இங்கிலீஷ்ல இதுக்கு 'கம்மிங் அவுட்'னு பேர். வெளியே வர்றது.

வகுப்பு முடிஞ்சதும் கூடப் படிக்கிற ஒரு பொண்ணு என்கிட்ட கேட்டா: "உங்க ஆளுங்க எழுதினதுல இந்தக் காட்சி எப்படி இருக்கும்?"

முழிச்சேன். அப்புறம்தான் நூலகத்துல செல்வதுரையைத் தேடி எடுத்தேன்.

*

செல்வதுரை 1965-ல் கொழும்பில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா சிங்களவர். 83-க்குப் பிறகு, 19 வயசுல, குடும்பத்தோட கனடா போனார். 'ஃபன்னி பாய்' 1994-ல் கனடாவில் வந்தது. ஆறு கதைகளால் ஆன நாவல். பிரெஞ்சிலும் 'த்ரோல் து கார்சோன்' என்ற பேர்ல இருக்கு. பெரியவங்களுக்கான நாவலாத்தான் வந்துச்சு. ஆனா ஏழு வயசுலேருந்து பதின்ம வயசு வரைக்கும் ஒரு பையன் வளர்ற கதைங்கறதால, மாணவர்கள் கையிலதான் அது அதிகமாப் போய்ச் சேர்ந்திருக்கு.

பையன் பேர் அர்ஜி. தாத்தா பாட்டி வீட்டுல பேரப்பிள்ளைங்க எல்லாம் கூடுற ஞாயித்துக்கிழமைகள்ல, மத்த பையன்கள் கிரிக்கெட் ஆட, இவன் பொண்ணுங்களோட சேர்ந்து 'கல்யாணப்பொண்ணு' விளையாட்டு விளையாடுறான். புடவை சுத்திக்கிட்டு இவன்தான் மணப்பெண். ஒருநாள் ஒரு அத்தை பார்த்துட்டு, அந்தக் கோலத்திலேயே தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போய், ஹால்ல உட்கார்ந்திருக்கிற பெரியவங்க முன்னாடி நிறுத்துறாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒருத்தர் அவனை 'ஃபன்னி'ன்னு சொல்றார். அப்பா முகம் இறுகுது. சிரிப்பு மூட்டுறவன்னு அர்த்தமா, விநோதமானவன்னு அர்த்தமான்னு அந்தக் குழந்தைக்குப் புரியல. ரெண்டுமே பொருந்தலைன்னு மட்டும் தெரியுது.

மேல சொன்ன இங்கிலீஷ் கதைகளோட இதை வச்சுப் பாருங்க. அங்க பையனுக்கு முதல்ல தன்னைப் பத்தித் தெரியும், பிறகு வார்த்தை கிடைக்கும், பிறகு தானா வெளியே வருவான். அர்ஜிக்கு எல்லாம் தலைகீழ். அவனுக்கே எதுவும் தெரியறதுக்கு முன்னாடி, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்திட்டாங்க. நம்ம குடும்பங்கள்ல இது எப்படி நடக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பையனுக்கு 'ஒம்போது'ன்னு பட்டப்பேர். அவன் யாருன்னு அவன் முடிவு பண்றதுக்குள்ள வகுப்பே முடிவு பண்ணிடுச்சு. அந்தச் சிரிப்புல நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். அவனைப் பார்த்துச் சிரிச்சா என்னைப் பார்க்க மாட்டாங்கன்னு ஒரு கணக்கு.

அர்ஜி வளர்ந்து விக்டோரியா அகாடமிங்கற பள்ளிக்கூடத்துக்குப் போறான். அங்க ஷெஹான்னு ஒரு சிங்களப் பையன். காதல் வருது. இந்த இடத்துலதான் செல்வதுரை ஒரு வேலை செய்யறார். பள்ளி முதல்வர் ஒரு கொடுங்கோலன். ஷெஹானைத் தொடர்ந்து வதைக்கிறவர். ஆனா பள்ளியை முழுக்கச் சிங்கள பௌத்தப் பள்ளியா மாத்த நினைக்கிற துணை முதல்வரை எதிர்த்து நிக்கிறவரும் அவர்தான். பரிசளிப்பு விழாவில் அர்ஜி ரெண்டு கவிதை ஒழுங்கா ஒப்பிச்சா முதல்வர் நிலைப்பார், தமிழ் மாணவர்களுக்கு அது நல்லதுன்னு ஒரு தமிழ் வாத்தியார் அவன்கிட்டச் சொல்றார். அர்ஜி மேடையேறி, வேணும்னே கவிதையைக் குதறி வைக்கிறான். ஷெஹானுக்காக.

இந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சிட்டு ரயில் ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டிருந்தேன். தன் சனத்துக்கு நல்லது எது, தன் மனசுக்கு நல்லது எது, ரெண்டும் எதிரெதிரா நின்னா என்ன பண்றது? நாவல் இதுக்குச் சுலபமா பதில் சொல்லல. ஆனா ஒண்ணு நல்லாப் புரியுது. கலவரக் கதையைத் தனியா, காதல் கதையைத் தனியா பிரிச்சுச் சொல்ல முடியாது. நான் கடையில அதைத்தான் செஞ்சேன்.

கடைசிக் கதை நாட்குறிப்பா வருது. 1983 ஜூலை 23 ராத்திரி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டாங்க. 24-ம் தேதி ராத்திரி கொழும்பில் ஆரம்பிச்சது உங்க எல்லாருக்கும் தெரியும். நாவல்ல அர்ஜியோட வீடு எரியுது. தாத்தாவையும் பாட்டியையும் காரோட வச்சுக் கொளுத்துறாங்க. மிஞ்சினவங்க கனடாவுக்குக் கிளம்புறாங்க. அம்மா அப்பாவை உட்கார வச்சு அர்ஜி எதையும் சொல்றதே இல்லை. 'கட்டாயக் காட்சி' இல்லாமலே நாவல் முடிஞ்சிடுது.

எங்க கிளாஸ் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்னு நினைக்கிறேன். வெளியே வர்ற கதை எழுதறதுக்கு முதல்ல வீடுன்னு ஒண்ணு நிக்கணும். சாப்பாட்டு மேசை, அதைச் சுத்தி அம்மா அப்பா, அவங்களுக்கு அழவும் கோபப்படவும் நேரம். அர்ஜிக்கு அந்த மேசையே எரிஞ்சுபோச்சு.

*

இதை செல்வதுரையும் யோசிச்சிருப்பார்னு எனக்குத் தோணுது. பதினோரு வருஷம் கழிச்சு, 2005-ல், பதின்ம வயசுக்காரங்களுக்காகவே ஒரு நாவல் எழுதினார்: 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ'. கதை நடக்கிற வருஷத்தைப் பாருங்க, 1980. யாழ் நூலகம் எரிஞ்ச 1981-க்கு ஒரு வருஷம் முன்னாடி, கலவரத்துக்கு மூணு வருஷம் முன்னாடி. வீடு இன்னும் நிக்கிற காலம்.

பதினாலு வயசு அம்ரித். அம்மா அப்பா இல்லாதவன், வேற ஒரு பாசமான குடும்பம் அவனை வளர்க்குது. பள்ளிக்கூடத்துல ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகம் போடுறாங்க. கனடாவிலிருந்து நிரேஷ்னு ஒரு சித்தி-மாமா முறைப் பையன் வர்றான். அம்ரித்துக்கு அவன் மேல காதல். நிரேஷோ கூட வளர்ற பொண்ணு பக்கம் சாய, இவனுக்குப் பொறாமை பிடிச்சு ஆட்டுது. அவ்வளவுதான் கதை. நாய் சாகல. ஊர் எரியல. பையன் வேற எந்தப் பையனையும் போலக் காதலிச்சு, பொறாமைப்பட்டு, அடிபட்டு, தான் யாருன்னு தனக்குள்ள தெரிஞ்சுக்கிறான். கனடாவுல அந்த வருஷம் கவர்னர் ஜெனரல் விருதோட சிறுவர் இலக்கியப் பிரிவு இறுதிப் பட்டியல்ல இந்தப் புத்தகம் இருந்தது. லாம்டா விருதும் வாங்கிச்சு.

குறை இல்லாம இல்லை. ரெண்டுமே கொழும்புல வசதியான, இங்கிலீஷ் பேசுற வீட்டுப் பிள்ளைங்க கதை. தனி அறை இருக்கிற பையனோட தவிப்பு வேற, ஒரே அறையில ஆறு பேர் படுக்கிற வீட்டுப் பையனோட தவிப்பு வேற. இந்த ரெண்டாவது பையன் கதையை யாராவது தமிழ்ல எழுதணும்.

தமிழ்ல ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல வரல. கரிச்சான் குஞ்சு 1978-லேயே 'பசித்த மானிடம்' எழுதிட்டார். ஆனா அதுல ஒரு சின்னப் பையன் பெரிய மனுஷங்க இச்சைக்கு ஆளாகுறதுதான் வருது, காதல் இல்லை. 'ஃபன்னி பாய்' வந்த அதே 1994-ல் சு. சமுத்திரத்தோட 'வாடாமல்லி', திருநங்கையர் வாழ்க்கையைப் பத்தி. 2018-ல் கிரீஷோட 'விடுபட்டவை' சென்னையில் வந்தது. 2022-ல் உயர்நீதிமன்றம் சொன்னதன் பேர்ல தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலே அரசிதழ்ல வெளியிட்டுச்சு. 'பால்புதுமையர்'ங்கற சொல் அப்படித்தான் அரசாங்கக் காகிதத்துல ஏறிச்சு. ஆனா பதினாலு வயசுல எங்க பள்ளி நூலகத்துல எனக்குக் கிடைச்ச சொல் 'ஒம்போது' மட்டும்தான். அதுவும் புத்தகத்துல இல்லை, பெஞ்சுல காம்பஸால கீறி வச்சிருந்தாங்க.

*

சட்டத்தையும் ஒரு எட்டு பார்த்துடலாம், வரலாறு படிக்கிறவன் தேதி சொல்லாம இருக்க முடியாது :-)

இலங்கையில 1883-ல் பிரிட்டிஷ்காரன் எழுதிவச்ச தண்டனைச் சட்டத்துல 365, 365ஏ-ன்னு ரெண்டு பிரிவு. 'ஃபன்னி பாய்' வந்ததுக்கு அடுத்த வருஷம், 1995-ல், சட்டத்தைத் திருத்தினாங்க. நீக்குறதுக்கு இல்லை. 'ஆண்'னு இருந்ததை 'நபர்'னு மாத்தி, பெண்களையும் உள்ள இழுத்தாங்க! 2023-ல் ஒரு தனிநபர் மசோதா வந்தப்ப, அந்தப் பிரிவுகளை மாத்துறது அரசியலமைப்புக்கு முரண் இல்லைன்னு உச்சநீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் 377: 2009-ல் டெல்லி உயர்நீதிமன்றம் தளர்த்தியது, 2013-ல் உச்சநீதிமன்றம் திரும்ப இறுக்கியது, 2018 செப்டம்பர் 6-ல் விடுவித்தது.

பிரான்ஸ்ல 1791-லேயே இது குற்றப்பட்டியல்ல இல்லை. ஆனா 1942-ல், ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்துல, விஷி அரசாங்கம் தன்பால் உறவுக்கு மட்டும் தனி வயது வரம்பு கொண்டுவந்துச்சு. அந்தப் பாகுபாடு ஒழிஞ்சது 1982 ஆகஸ்ட் 4. அதுக்கடுத்த வருஷம் கறுப்பு ஜூலை. அதுக்குப் பிறகு தப்பிச்சு வந்தவங்க கால் ஊன்றின தெருதான் இந்த லாசப்பல். அதாவது எங்க கடைக்கார அண்ணன் தலைமுறை வந்து இறங்கினப்ப, இந்த நாட்டுச் சட்டம் அப்பத்தான் மாறியிருந்துச்சு. அதை யோசிக்கிற நிலைமையில அவங்க இல்லை. பேப்பர், வேலை, ஊர்ல இருக்கிறவங்க உயிர். அது நியாயம். ஆனா வந்து இறங்கினவங்கள்ல அர்ஜி மாதிரிப் பையன்களும் இருந்திருப்பாங்க. அவங்க ஒரு கதையைச் சொல்லிட்டு இன்னொண்ணை முழுங்கியிருப்பாங்க.

2020 டிசம்பர்ல தீபா மேத்தாவோட 'ஃபன்னி பாய்' படம் வந்தப்பவும் இந்த மாதிரிதான் ஆச்சு. தமிழ்ப் பாத்திரங்கள்ல தமிழரை ஏன் போடல, தமிழ் உச்சரிப்பு ஏன் இப்படிக் கொடுமைன்னு புலம்பெயர் தமிழர்கள் கொதிச்சாங்க. கனடா அதை ஆஸ்கர் வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு அனுப்பி, இங்கிலீஷ் வசனம் அதிகம்னு அது தள்ளுபடியும் ஆச்சு. மொழிக் கோபம் முழுக்க நியாயம், நானும் அந்தக் கட்சிதான். ஆனா அந்தச் சத்தத்துல அர்ஜியோட காதல் பத்தி நம்மாளுங்க பேசினது எவ்வளவு?

*

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். அண்ணன் மறக்கல.

"தம்பி, அந்தப் புத்தகம் முடிஞ்சுதோ? பெடியனுக்குப் பிறகென்ன நடந்தது?"

"கனடா போயிடுறான்ணே. அம்மா அப்பா எல்லாரும் சேந்து." கொஞ்சம் எச்சில் முழுங்கிட்டு, "அண்ணே, அன்னைக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு காதல் இருக்கு. இன்னொரு பையன் மேல. சிங்களப் பையன்."

கண்ணாடிப் பெட்டியைத் துடைச்சிட்டிருந்த கை நின்னுச்சு.

"சிங்களப் பெடியனோ?"

"ஆமாண்ணே."

இன்னொரு ஆள் வந்து பேஸ்ட்ரி வாங்கிட்டுப் போனார். சில்லறை கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"தாய் தேப்பன் அவனை விட்டிட்டுப் போகேல்லைத்தானே?"

"இல்லண்ணே. கூட்டிட்டுத்தான் போனாங்க."

"அப்ப சரி."

அவங்களுக்கு விஷயம் தெரியாதுன்னு நான் சொல்லல. அந்த 'அப்ப சரி'யைக் கெடுக்க மனசு வரல. இந்தத் தடவை தேத்தண்ணிக்குக் காசு வாங்கிக்கிட்டார். நான் கேக்காமலே ஒரு ரோல்ஸைச் சுத்திக் கொடுத்தார்.

ரயில்ல வர்றப்பத்தான் தோணுச்சு. எங்க வீடு நிக்குது. யாரும் கொளுத்தல. சாப்பாட்டு மேசை இல்லைன்னாலும் ஹால்ல பாய் விரிச்சு உட்கார்ந்துதான் சாப்பிடுறோம். அர்ஜிக்கு இல்லாத வசதி எனக்கு இருக்கு. அப்புறமும் நான் எண்பத்து மூணைப் பத்தின புத்தகம்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன்.

அம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்க. அக்கா படிப்பா. மூணு வருஷமா ஒரு பதிவு விடாம படிக்கிறா, பின்னூட்டம் மட்டும் போட மாட்டா.

அக்கா, படிச்சு முடிச்சதும் போன் பண்ணு. ராத்திரி லேட் ஆனாலும் பரவால்ல, முழிச்சிருப்பேன்.

டிஸ்கி: பின்னூட்டத்துல கும்மி அடிக்கிறவங்க தாராளமா அடிக்கலாம். 'ஒம்போது'ன்னு எழுதினா மட்டும் அழிச்சிடுவேன். அந்தச் சொல்லை ஒரு காலத்துல நானும் சொன்னவன்தான், அதனால.